படுக்கைப்புண் வந்தால் பொறுப்பு யாருக்கு? முதியோர் பராமரிப்பு இல்லமும் நிர்வாகமும்

தென்றல்வாசி:
வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கவனிப்பு சரியில்லாமல் போகும்போது நிர்வாகத்தின் பங்கு எது, நர்ஸ்களின் பங்கு எது என்று பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஓர் உதாரணம் வைக்கிறேன்.

60 படுக்கை இல்லம். ஒரே மாதத்தில் 5 பேருக்குப் புதிதாகப் படுக்கைப்புண், ஐந்தும் வால் எலும்புப் பக்கம். நிர்வாகக் கூட்டத்தில் எடுக்கும் முடிவு: தலைமை நர்ஸுக்கு மெமோ, இரவு டியூட்டியில் இருந்த இருவருக்குச் சம்பளப் பிடித்தம், "இனி இரண்டு மணிக்கு ஒருமுறை தவறாமல் புரட்டிப் படுக்க வைக்கவும்" என்று ஒரு சுற்றறிக்கை. அத்தோடு கோப்பை மூடிவிடுகிறார்கள்.

நிர்வாகி மருத்துவம் படித்தவர் இல்லை, புண் வராமல் பார்ப்பது நர்சிங் வேலை என்பது அவர்கள் வாதம். ஏற்கிறீர்களா? துறையில் இருப்பவர்கள் விவரமாக எழுதுங்கள்.

மங்கை_செவிலி:
ஏற்க முடியாது. ஆனால் புண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் பொறுப்பைப் பிரிக்க முடியும்.

எலும்பு துருத்திய இடத்தில் உடம்பின் எடை ஒரே பக்கமாக அழுத்துவது முதல் காரணம். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் உடம்பு கீழ்நோக்கிச் சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே சதை இழுபடும். அது இரண்டாவது. ஈரம் மூன்றாவது. சாப்பாடு குறைந்து எடை இறங்குவது நாலாவது. பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1987-இல் வெளியிட்ட பிரேடன் அளவுகோலும் கிட்டத்தட்ட இவற்றைத்தான் ஆறு தலைப்பில் பார்க்கிறது: உணர்வு, ஈரம், நடமாட்டம், படுத்தபடி தானாக அசையும் திறன், உணவு, உராய்வும் இழுபடுதலும். மொத்தம் 6 முதல் 23 வரை மதிப்பெண். குறையக் குறைய ஆபத்து கூடும். 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் தடுப்புத் திட்டம் எழுதியாக வேண்டும்.

இப்போது இந்த ஒவ்வொன்றும் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மெத்தை வாங்குவது, டயப்பருக்கு ஆர்டர் போடுவது, சமையலுக்குப் பணம் ஒதுக்குவது, இரவில் எத்தனை பேர் என்று முடிவு செய்வது எல்லாம் நிர்வாகம். மதிப்பெண் போடுவது, தோலைப் பார்ப்பது, திட்டம் எழுதுவது, அதைச் செய்ய வைப்பது நர்ஸ்.

நர்ஸ் பக்கமும் தவறு நடக்கும், மறைக்க வேண்டியதில்லை. தோலைப் பார்க்கத் தெரியாமல் இருப்பதுதான் அதில் பெரிசு. சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுக்கணும். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அதுவே முதல் நிலைப் புண். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்கணும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்கார வைப்பதும் கூடாது, வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி ரத்தத்தை மறிக்கும்.

நேர்வழி:
மங்கை மேடம், காரணங்கள் சரி. ஆனால் புரட்டிப் படுக்க வைக்கும் ஷீட் என்று ஒன்று இருக்கிறதே? இப்படிப்பட்ட இல்லங்களில் அதை எடுத்துப் பார்த்தால் 10, 12, 2, 4, 6 என்று எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருக்கும். புரட்டாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால் அது பொய்ப் பதிவு. அதற்கும் நிர்வாகியா பொறுப்பு? பொய் எழுதியவரைத் தண்டிக்காமல் விட்டால் நாளைக்கு மருந்து ஷீட்டிலும் பொய் எழுதுவார்கள்.

கணக்கன்:
நேர்வழி சார், அந்த ஷீட்டை வைத்தே கணக்குப் போடுவோம்.

60 பேரில் தானாகப் புரள முடியாதவர்கள் 24 பேர் என்று கொள்வோம். இரவில் ஆட்கள் இரண்டு பேர். ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். தனியாக இழுத்தால் தோல் உரியும், இழுப்பவருக்கு முதுகு போகும். வழுக்கு விரிப்பைச் செருகி, பக்கவாட்டில் 30 டிகிரி சாய்த்து, முதுகுக்கும் முழங்காலுக்கு இடையிலும் தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கிவிட்டு, டயப்பரைப் பார்த்து, கை கழுவி, எழுதிவிட்டு நகர 6 நிமிடம். இது தாராளக் கணக்கு இல்லை. டயப்பர் மாற்ற வேண்டி வந்தால் 10 நிமிடம் ஆகும்.

24 பேர் × 6 நிமிடம் = 144 நிமிடம். ஒரு சுற்றுக்கு இருக்கும் நேரம் 120 நிமிடம். அதாவது யாரும் மணி அடிக்காமல், யாருக்கும் வாந்தி வராமல், இருவரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினாலும் முதல் சுற்றே முடியாது. செய்யவே முடியாத வேலையைச் சுற்றறிக்கையாகப் போட்டுவிட்டு, கட்டம் காலியாக இருந்தால் மெமோ என்றால், கட்டம் நிரம்பத்தான் செய்யும். அந்தப் பொய்ப் பதிவு எங்கே தயாரானது என்றால் ஆள் பட்டியல் போட்ட மேஜையில்.

நிர்வாகி அந்த ஷீட்டைப் பார்க்கும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 24 பேருக்கும் சரியாக 2:00, 4:00 என்று நேரம் இருக்கவே முடியாது. ஒருவரிடம் 2:05, அடுத்தவரிடம் 2:12 என்று வரிசையாக நகர வேண்டும். ஒரே பேனா, ஒரே அழுத்தம், எட்டு மணி நேரக் கையெழுத்தும் ஒரே சாய்வில் இருந்தால் ஒரே மூச்சில் போட்டது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

பொய்ப் பதிவுக்கு நடவடிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. போதிய ஆளும் நேரமும் கொடுத்த பிறகும் பொய் எழுதினால் தண்டியுங்கள். அதற்கு முன் தண்டித்தால் உண்மையை எழுதும் ஒன்றிரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள். மெமோவும் பிடித்தமும் அந்தக் காரணத்தினாலேயே திரும்பப் பெற வேண்டியவை.

தென்றல்வாசி:
அப்படியானால் இரவில் நாலு பேர் போட வேண்டுமா? நிதி இல்லை என்பார்களே.

கணக்கன்:
நாலு பேர் என்றால் இரண்டு ஜோடி, சுற்று 72 நிமிடத்தில் முடியும். மூன்று பேரை வைத்தும் சமாளிக்கலாம், ஆனால் அதற்கு முன் நர்ஸ் ஒரு வேலை செய்து தர வேண்டும். 24 பேருக்கும் ஒரே இடைவெளி தேவையா என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைக்கும் மெத்தையில் படுத்து, தோல் நன்றாக இருக்கும் சிலருக்கு 4 மணி நேர இடைவெளி போதுமானதாக இருக்கலாம். 10 பேருக்கு 2 மணி, 14 பேருக்கு 4 மணி என்று வந்தால், ஒவ்வொரு 2 மணி நேரத்திலும் புரட்ட வேண்டியவர்கள் 10 + 7 = 17 பேர். 102 நிமிடம். ஒரு ஜோடி இதைச் செய்ய, மூன்றாவது ஆள் மணி அடித்தவர்களைப் பார்க்கலாம்.

ஆள் எடுக்கும்போது இன்னொரு கணக்கையும் மறந்துவிடுகிறார்கள். ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 48 மணி நேர வேலை என்றால் 3.5 பேர். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி என்று 15 சதவீதம் கழித்தால் கையில் நிற்பது 40.8 மணி நேரம்தான். 168-ஐ அதால் வகுத்தால் 4.1 பேர். ஒரு இடத்துக்கு மூன்று ஷிப்ட், மூன்று பேர் என்று போடும் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் எப்போதும் ஓட்டைதான்.

மங்கை_செவிலி:
ஒரு திருத்தம். 4 மணி நேரம் என்பதை நிர்வாகி முடிவு செய்யக் கூடாது. "ஆள் இல்லை, அதனால் 14 பேரை 4 மணிக்கு மாத்திடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். நர்ஸ் ஒருவருக்கு இடைவெளியைக் கூட்டிவிட்டு, புரட்டும் ஒவ்வொரு தடவையும் தோலைப் பார்க்கணும். வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே பழைய இடைவெளி. நர்ஸ் தரும் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆள் போடுவதுதான் நிர்வாகத்தின் வேலை.

மெத்தையைப் பற்றியும் சொல்லணும், பணம் போட்டும் பயன் இல்லாமல் போகிற இடம் அது. காற்று மெத்தையின் பம்பில் எடைக்கு ஏற்ற அளவு வைக்கணும். 45 கிலோ ஆளுக்கு 90 கிலோ அளவில் வைத்தால் பலகை மாதிரிக் கெட்டியாக இருக்கும். சாதாரண மெத்தைமேல் விரிக்கும் காற்று விரிப்பு என்றால், படுத்திருப்பவரின் வால் எலும்புக்கு நேர் கீழே, விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கணும். கைக்கும் உடம்புக்கும் நடுவில் 2.5 செ.மீ. காற்றாவது இருக்கணும். அதன்மேல் ரப்பர் ஷீட், மடித்த போர்வை, இரண்டு துணி என்று அடுக்கினால் மெத்தை வாங்கியதே வீண். மின்சாரம் போனால் காற்று எவ்வளவு நேரம் நிற்கும் என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்து, ஜெனரேட்டர் இணைப்பில் அந்தப் பிளக்குகளையும் சேர்க்கணும். அது நர்ஸ் வேலை இல்லை.

யாழினி_உணவு:
மூக்குக் குழாயில் உணவு போகிறவர்களிடம் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. வால் எலும்புப் புண் வராமல் இருக்கத் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது என்கிறோம். உணவு நுரையீரலுக்குள் போகாமல் இருக்க, கொடுக்கும்போதும் கொடுத்த பிறகு 30 முதல் 60 நிமிடம் வரைக்கும் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். இரண்டும் மோதும். உணவு கொடுத்தவர் உயர்த்திவிட்டுப் போய்விடுவார், இறக்கிவிட யாரும் வரமாட்டார்கள், அவர் நாலு மணி நேரம் சறுக்கிக்கொண்டே இருப்பார். உணவு நேரத்தையும் புரட்டும் நேரத்தையும் ஒரே தாளில் போட்டு, "இறக்கிய நேரம்" என்று ஒரு கட்டம் வைத்தால் இது தீரும்.

சாப்பாட்டுக் கணக்கு: புண் வரும் ஆபத்து உள்ளவருக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ எடை என்றால் 62 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் வேறு அளவு சொல்வார். சமையலறைக்கு வாங்கும் பொருளை மாத முடிவில் ஆள் கணக்குக்கு வகுத்துப் பார்த்தால் இந்த அளவு கிடைத்திருக்க வழி உண்டா என்று நிர்வாகியே சொல்லிவிடலாம். ஒரு மாதத்தில் 5 சதவீதம், மூன்று மாதத்தில் 7.5, ஆறு மாதத்தில் 10 சதவீத எடை குறைந்தால் அது எச்சரிக்கை. 52 கிலோ இருந்தவர் அடுத்த மாதம் 48.9 என்றால் கிட்டத்தட்ட 6 சதவீதம். எடை மெஷினைச் சரிபார்த்து, அதே நேரத்தில், அதே மாதிரி உடையில் எடுத்த எடையாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியோடு சேர்த்து எடுத்துவிட்டு நாற்காலியின் எடையைக் கழிக்காமல் எழுதிய ஷீட்டுகள் ஏராளம்.

நேர்வழி:
கணக்கன் சார், 144 நிமிடக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் டயப்பர் விஷயத்தில் நிர்வாகத்தைக் குறை சொல்வது அதிகம். வீணடிப்பும் திருட்டும் நடப்பதால்தான் பூட்டி வைக்கிறார்கள்.

கணக்கன்:
இதற்கும் கணக்கு இருக்கிறது. 38 பேர் டயப்பரில் இருக்கிறார்கள், சராசரி நாளைக்கு 5 என்றால் மாதத்துக்கு 5,700 வேண்டும். வாங்கியது 4,200 என்றால் ஆளுக்கு 3.7 கூட வராது. ஒன்றுமே திருடு போகாவிட்டாலும் ஆறு, ஏழு மணி நேரம் ஈரத்தில் கிடந்துதான் ஆக வேண்டும். முதலில் தேவைக்கு வாங்குங்கள், பிறகு ஆள்வாரியாக எத்தனை போகிறது என்று பாருங்கள். திருட்டு இருந்தால் அப்போது தனியாகத் தெரியும். ராத்திரி ஸ்டோர் சாவி யாரிடம் என்பதையும் பாருங்கள். பகலில் வரும் ஒருவர் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் இருந்தால் இரவு முழுவதும் ஸ்டோர் இல்லாத இல்லம்தான்.

மாத்திரைப்பெட்டி:
மருந்துப் பக்கமும் இதே கதைதான். 60 பேர், காலை மருந்துக்கு ஒரே நர்ஸ். பெயரையும் படத்தையும் ஒப்பிட்டு, மாத்திரை எடுத்து, விழுங்கியதைப் பார்த்து, உடனே கையெழுத்துப் போட ஆளுக்கு 4 நிமிடம். 240 நிமிடம். எட்டு மணி மருந்து கடைசி ஆளுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போகும், ஒரு மணிக்கு மதிய மருந்து வந்துவிடும். இரண்டு வேளை பாராசிட்டமாலுக்கு இடையில் 4 மணி நேரமாவது வேண்டும், இங்கே ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவருக்கு வேளை தள்ளிப்போனால் உடம்பு விறைத்து, விழுங்க முடியாமல், எழுந்தால் விழுந்துவிடுவார். அந்த விழுகை "கவனக்குறைவு" என்று பதிவாகும், மருந்து நேரம் யார் கண்ணுக்கும் படாது.

ஆள் கூட்டுவது ஒரு வழி. வேளைகளைக் குறைப்பது இன்னொன்று. டாக்டரும் மருந்தாளரும் உட்கார்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் மருந்தையும் பார்த்தால் பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்றை நிறுத்தவோ ஒரே வேளையில் சேர்க்கவோ முடியும். முதியவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாத மருந்துகளை மார்க் பியர்ஸ் 1991-இல் பட்டியல் போட்டதே முதலில் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்காகத்தான். தூக்க மாத்திரையும், நடத்தையை அடக்கக் கொடுக்கும் மனநல மருந்தும் முதலில் பார்க்க வேண்டியவை. ராத்திரி ஆள் குறைவாக இருக்கும் இல்லத்தில் தூக்க மாத்திரை கூடுவதைக் கவனியுங்கள். ஆள் செய்ய வேண்டியதை மாத்திரை செய்துகொண்டிருக்கும்.

சின்ன விஷயங்கள் சில. மெதுவாகக் கரையும் மாத்திரையை இடித்துக் குழாயில் விட்டால் மொத்த அளவும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். எலும்பு வலுவிழப்புக்குத் தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. மருந்து ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி. திறந்த இன்சுலின் குப்பியில் திறந்த தேதி எழுத வேண்டும். பல வகைகளுக்கு 28 நாள்தான் கணக்கு. மருந்து தரும் நர்ஸை நடுவில் போனுக்குக் கூப்பிடாதீர்கள். வரவேற்பில் ஒருவர் போன் எடுக்க ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு.

மல்லிகை:
குடும்பத்தினர் பக்கமிருந்து ஒரு கேள்வி. விழுந்ததை எங்களிடம் சொல்வதே மறுநாள்தான். இதற்கு என்ன நடைமுறை இருக்க வேண்டும்?

மங்கை_செவிலி:
மல்லிகை, விழுந்தவுடன் தூக்கக் கூடாது. முதலில் தலை, கழுத்து, இடுப்பு, கை கால் பார்க்கணும். ஒரு கால் குட்டையாகவும் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் இடுப்பு எலும்பு முறிவு என்றே நினைத்து அசைக்காமல் ஆம்புலன்ஸ். தலையில் அடி, அல்லது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால், நினைவு, கண்மணி, கை கால் பலம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டி, 72 மணி நேரம் வரை ஷிப்டுதோறும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், பேச்சு நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். மெதுவாகக் கசியும் ரத்தம் பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். குடும்பத்துக்கு அந்த ஷிப்டிலேயே போன். நேரம், பேசியவர், சொன்னது மூன்றையும் எழுதணும்.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அனுமதிதான். "நிர்வாகியைக் கேட்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடாதே, செலவு யார் தலையில் விழும்" என்று சொல்லி வைத்திருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நிர்வாகி போன் எடுக்கமாட்டார். ஆம்புலன்ஸ் கூப்பிட, கூடுதல் ஆளை வரவழைக்க, டாக்டரை எழுப்ப டியூட்டி நர்ஸுக்கு முழு அதிகாரம் உண்டு, யாரும் பிறகு கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நிர்வாகி கையெழுத்திட்ட தாள் நர்ஸ் மேஜையில் ஒட்டியிருக்கணும். பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் பெரிய அநியாயம்.

நேர்வழி:
விழுகையைக் குறைக்கக் கட்டில் கம்பி போடலாமே, எல்லா இல்லத்திலும் இருக்கிறது. மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை வைத்தே தலைமை நர்ஸை மதிப்பிடலாமே?

கணக்கன்:
இரண்டும் வேண்டாம் சார்.

குழம்பிய நிலையில் இருப்பவர் கம்பியைத் தாண்டிக் குதிப்பார், விழும் உயரம்தான் கூடும். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் தலை சிக்கி இறந்தவர்களும் உண்டு. கம்பிகளுக்கு இடையிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலும் 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கும் அளவு அதனால்தான். மெத்தையை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். உயரம் குறைக்கும் கட்டில், ராத்திரி விளக்கு, வழுக்காத செருப்பு, நேரம் பார்த்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது இவற்றைச் செய்த பிறகு கம்பியைப் பற்றி யோசிக்கலாம். கட்டிப்போடுவது எந்தப் பெயரில் வந்தாலும் அது ஆள் பற்றாக்குறைக்குப் பதில் ஆகாது.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவதும் தப்பு. 1,000 ஆள்-நாளுக்கு எத்தனை என்று பாருங்கள். சராசரி 57 பேர், 30 நாள் என்றால் 1,710 ஆள்-நாள். 9 விழுகை என்றால் 9 ÷ 1,710 × 1,000 = 5.3. அடுத்த மாதம் 50 பேர்தான் இருந்தார்கள் என்றாலும் ஒப்பிட முடியும். இதை வைத்து நர்ஸை மதிப்பிட்டால் பதிவு நின்றுவிடும், எண் அழகாக இறங்கும், பெரியவர்கள் விழுந்துகொண்டுதான் இருப்பார்கள். அந்த எண் நிர்வாகிக்கான கேள்வித்தாள். எந்த நேரம், எந்த அறை, எந்த நாள் என்று பிரித்துப் பாருங்கள். மாலை ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் கொத்தாக விழுந்திருந்தால் இரண்டு ஷிப்டும் ஒரே நேரத்தில் ஒப்படைப்பு மேஜையில் நிற்கிறார்கள், வராந்தாவில் ஆள் இல்லை.

அவேடிஸ் டொனபீடியன் 1966-இல் மருத்துவக் கவனிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஆள், மெத்தை, பணம் அமைப்பு. புரட்டுவது, மருந்து தருவது செயல்முறை. புண்ணும் விழுகையும் விளைவு. விளைவு கெட்டால் செயல்முறையைத் திட்டுவதோடு பெரும்பாலான கூட்டங்கள் முடிகின்றன. அமைப்பு வரைக்கும் போவதில்லை, ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பது கூட்டம் நடத்துகிறவர்கள்.

மல்லிகை:
புகார் கொடுத்தால் எங்கள் அப்பா அம்மாவை நடத்தும் விதம் மாறிவிடுமோ என்ற பயம் எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. இதற்கு நிர்வாகம் என்ன செய்ய முடியும்?

மங்கை_செவிலி:
புகார் வாங்குபவர் அந்த வார்டின் நர்ஸாக இருக்கக் கூடாது. வாய்மொழியாகச் சொன்னதையும் புத்தகத்தில் எழுதணும், எழுதியதற்கு எண் தரணும், பதில் தர ஒரு தேதி சொல்லணும். "பேசிச் சமாதானம் ஆயிற்று" என்பது பதில் இல்லை; என்ன மாற்றினோம் என்பதுதான் பதில். புகார் கொடுத்த குடும்பத்தின் பெரியவரை அடுத்த இரண்டு வாரம் நிர்வாகியே நேரில் போய்ப் பார்க்கணும். புகார் புத்தகம் ஒரு வருஷமாகக் காலியாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், யாரும் நம்பி எழுதுவதில்லை என்று அர்த்தம்.

காத்திருப்பு:
சேர்க்கும்போதே ஆரம்பிக்கும் பிரச்சினையை யாரும் தொடவில்லை. படுக்கை காலி என்றால் யாரையும் சேர்த்துவிடுகிறார்கள். ஏற்கெனவே 24 பேரைப் புரட்டத் திணறும் இல்லத்தில் இருபத்தைந்தாவது ஆளையும் சேர்க்கும் கையெழுத்து நிர்வாகியுடையது. சேர்க்கும் முன் நர்ஸ் ஒருவர் நேரில் பார்த்து, குழாய் உண்டா, புண் உண்டா, எத்தனை பேர் பிடித்துத் தூக்க வேண்டும் என்று எழுதித் தந்து, "முடியாது" என்று சொன்னால் அது முடியாதுதான். அந்த மறுப்பை மீற உரிமையாளருக்கும் உரிமை இருக்கக் கூடாது. வந்த அன்றே தலை முதல் கால் வரை தோலைப் பார்த்துப் படம் எடுத்து வைத்தால் புண் எங்கே வந்தது என்ற சண்டையும் இருக்காது.

அப்புறம் ஒப்பந்தம். சமையல், சலவை, ஏஜென்சி ஆள் எல்லாம் வெளியாளிடம் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. ஏஜென்சி ஆள் முதல் நாள் இரவே தனியாக ஒரு வார்டில் நின்றால், யாருக்குக் கெட்டியான திரவம், யாருக்கு மசித்த சாப்பாடு என்று அவருக்கு எப்படித் தெரியும்? விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சாதாரணத் தண்ணீரைக் கொடுத்துவிடுவார். கட்டில் தலைமாட்டில் அட்டை இருக்க வேண்டும்.

தென்றல்வாசி:
இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு ஒரு குறிப்பு தயாரித்தால் இந்த வரிசை சரியா: இரவு ஆள் கணக்கு, சேர்க்கையில் நர்ஸின் மறுப்பு உரிமை, இரவு அதிகாரத் தாள், டயப்பர் தேவைக் கணக்கு, மருந்து வேளை ஆய்வு?

கணக்கன்:
வரிசை சரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவர் பெயரும் தேதியும் வேண்டும். "இரவு ஆள் கூட்டப்படும்" என்று எழுதாதீர்கள். "மூன்றாவது இரவு ஆள், 15-ஆம் தேதி முதல், பொறுப்பு: நிர்வாகி" என்று எழுதுங்கள். பணம் மறுக்கப்பட்டால் யார் மறுத்தார், என்ன ஆபத்து என்று சொல்லப்பட்டது என்பதும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். மறுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தாலே பாதி மறுப்பு குறையும்.

முன்னறிவிப்பு இல்லாமல் ஞாயிறு இரவும், விடியற்காலை 3 முதல் 5 வரையும் நிர்வாகியே போய் நிற்கட்டும். முதல் சில தடவை யார் பெயரையும் குறிக்க வேண்டாம். மணி அடித்து ஆள் வர எத்தனை நிமிடம், ஒருவரைப் புரட்ட உண்மையில் எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதுங்கள். என் 6 நிமிடத்தை அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் கட்டிடம், உங்கள் ஆட்களை வைத்து வரும் எண்தான் உங்கள் கணக்கு.

மங்கை_செவிலி:
ஒன்றை முன்கூட்டியே உரிமையாளரிடம் சொல்லி வையுங்கள் தென்றல்வாசி. ஆள் கூட்டி, தோல் பார்க்கப் பயிற்சி கொடுத்த முதல் மாதம் புண் எண்ணிக்கை ஏறும். இதுவரை கண்ணில் படாத முதல் நிலைப் புண்ணெல்லாம் அப்போதுதான் பதிவில் வரும். அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் நிலையைத் தனியாகவும், தோல் உரிந்த இரண்டாம் நிலைக்கு மேற்பட்டதைத் தனியாகவும் எண்ணுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து புண்ணோடு வந்தவர்களை மூன்றாவது பத்தியில் போடுங்கள். முதல் பத்தி கூடி இரண்டாவது பத்தி குறைந்தால் வேலை நடக்கிறது. இரண்டும் கூடினால் மறுபடி ஆள் கணக்கைப் பாருங்கள்.